தக்காளி இலையில் வெண்பட்டை: பிடுங்கி எறிவதா, காப்பாற்றுவதா?

மொட்டைமாடி (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். சென்ற பருவத்தில் என் செடியிலேயே எடுத்து வைத்த பிகேஎம் 1 என்ற தக்காளி வகையின் விதையை இந்த முறையும் மாடியில் வளர்ப்புப் பைகளில் விதைத்தேன். ஒரு செடியைத் தவிர மற்றவை வழக்கம்போல் வளர்ந்து பூத்துவிட்டன. அந்த ஒரு செடியும் முழங்கால் உயரம் வரும் வரை சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பக்கத்து இலைகள் மட்டும் பாதி வெள்ளையாக வரத் தொடங்கின.

ஓர் இலையை விவரிக்கிறேன். நடுக்காம்புக்கு இடப்புறம் உள்ள சிற்றிலைகள் அனைத்தும் பாலாடை நிறம். வலப்புறம் உள்ளவை கரும்பச்சை. நுனியில் இருக்கும் சிற்றிலை நடு நரம்பிலேயே இரண்டாகப் பிரிந்து, பிளேடால் கீறியது போன்ற எல்லையுடன் ஒரு பாதி வெள்ளையும் மறு பாதி பச்சையுமாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் இரண்டுக்கும் இடையே வெளிர்பச்சையாக ஒரு மெல்லிய பட்டை தெரிகிறது. வெள்ளைப் பகுதி சிறுத்திருப்பதால் இலை முழுவதும் அந்தப் பக்கமாகவே வளைந்துவிட்டது. தண்டிலும் அதே பக்கத்தில் ஒரு வெளிர்கோடு மேலே ஏறுகிறது. முதல் கொத்தில் ஒரு காயின் மீது காம்பிலிருந்து அடிவரை வெள்ளை வரி ஓடுகிறது.

இது நோயா? நோய் இல்லையென்றால் விதை எடுத்து இதே போன்ற செடிகளை உருவாக்க முடியுமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செம்மண் (திண்டுக்கல்):

தம்பி, யோசிக்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். தக்காளியில் இலை நிறம் மாறினால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வைரஸ்தான். தேமல் வந்த ஒரு செடியைத் தொட்ட கையோடு அடுத்த செடியில் பக்கக்கிளை கிள்ளினால் வரிசை முழுவதும் போய்விடும். இலைச்சுருள் என்றால் வெள்ளை ஈ அதைத் தூக்கிக்கொண்டு போகும். அழகு பார்ப்பதற்காக ஒரு செடியை வைத்துக்கொண்டு மற்ற செடிகளை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

கொய்யாக்கிளை (சேலம்):

எனக்கு இது மக்னீசியம் குறைபாடாகத் தோன்றுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்துத் தெளித்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பைகளில் இந்தக் குறைபாடு அடிக்கடி வருகிறது.

நாற்றங்கால் (தஞ்சாவூர்):

தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன். செம்மண் ஐயாவின் எச்சரிக்கை நியாயமானது; ஆனால் இந்தச் செடிக்கு அது பொருந்துமா என்பதை இலையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வைரஸ் செடிக்குள் சாற்றுக்குழாய் வழியாகப் பரவுகிறது. ஆகவே தொற்றிய பிறகு தோன்றும் இளந்தளிர்கள், எந்தப் பக்கத்தில் வந்தாலும், ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பாதிக்கப்படும். தக்காளித் தேமல் வைரஸில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் ஒன்றோடொன்று கரைந்தாற்போல் கலந்திருக்கும். கரும்பச்சைத் திட்டுகள் சில நேரம் மேடிட்டுக் கொப்புளம் போலத் தெரியும். வெள்ளரித் தேமல் வைரஸாக இருந்தால் இலைப்பரப்பு சுருங்கிச் சிற்றிலைகள் நூலிழை போலாகிவிடும். மொட்டுக் கருகலில் இளம் இலைகள் செம்புநிறமாகிப் புள்ளி விழுந்து கருகும். இவற்றில் எதுவுமே நடு நரம்பை எல்லைக்கோடாக மதித்து, அதற்கு இடப்புறத்தை மட்டும் வெளுக்க வைத்து நிற்பதில்லை.

சத்துக் குறைபாட்டுக்கும் அந்த மரியாதை கிடையாது. மக்னீசியம் போதாவிட்டால் கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைபாட்டில் இதே காட்சி நுனித்தளிரில் தோன்றும். இரண்டிலும் இலையின் இரு பாதிகளும் ஒத்திருக்கும். களைக்கொல்லி பட்டு வெளுத்தாலும், மருந்து பட்ட காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த நுனி முழுவதும் வெளுக்குமே தவிர, ஒரு பக்கம் மட்டும் வெளுக்காது.

மொட்டைமாடி நண்பர் இன்னும் ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். தக்காளியில் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக அமைகின்றன. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே ஏறத்தாழ 137 பாகைக் கோணம் இருக்கும். வெளிர்கோடு தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறினால், அந்தக் கோட்டுக்கு நேர் மேலே அமையும் இலை வெள்ளையாகவும், எதிர்ப்புறத்தில் அமையும் இலை முழுப் பச்சையாகவும், கோட்டின் ஓரத்தில் அமைவது பாதிப்பாதியாகவும் வர வேண்டும். அப்படி வந்தால் அது நோயன்று. செடியின் ஒரு பகுதி உயிரணுக்களில் மட்டும் மரபு மாறிய கைமீரா என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

மொட்டைமாடி:

ஐயா, இப்போதுதான் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இலையாகப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. தண்டில் வெளிர்கோடு ஏறும் பக்கத்தில் இருக்கும் இலைகள்தான் வெள்ளை. எதிர்ப்புறத்து இலைகளில் ஒரு புள்ளி கூட இல்லை. வெள்ளை இலை ஒன்றின் கக்கத்தில் துளிர்த்த பக்கக்கிளை முழு வெள்ளையாக இருக்கிறது; பாதி வெள்ளையான இலையின் கக்கத்தில் வந்தது, வெள்ளை விளிம்பும் பச்சை நடுவுமாக இருக்கிறது. கொய்யாக்கிளை நண்பர் சொன்ன எப்சம் உப்பை ஏற்கெனவே தெளித்துவிட்டேன். பச்சைப் பகுதி இன்னும் பச்சையானதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

கைமீரா என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க முடியுமா?

நாற்றங்கால்:

மகிழ்ச்சியோடு விளக்குகிறேன், ஏனென்றால் இந்தச் சொல் தாவரவியலுக்குள் வந்ததே தக்காளியின் வழியாகத்தான். ஜெர்மனியில் ஹான்ஸ் விங்க்லர் 1907இல் தக்காளியையும் மணத்தக்காளி இனத்தையும் ஒட்டுக்கட்டி, ஒட்டு சேர்ந்த பிறகு அந்த இணைப்பின் குறுக்கே வெட்டிவிட்டார். வெட்டுவாயில் புதிதாகத் துளிர்த்த கிளைகளில் ஒன்று நெடுக்குவாட்டில் ஒரு பக்கம் மணத்தக்காளியாகவும் மறு பக்கம் தக்காளியாகவும் இருந்தது. சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட கிரேக்கப் புராண விலங்கின் பெயரை அவர் அதற்குச் சூட்டினார். ஈரினம் ஒட்டியதால் உண்டான கைமீரா அது. உங்களுடையது ஒரே செடிக்குள் சடுதி மாற்றத்தால், அதாவது மரபில் திடீரென நேரும் மாற்றத்தால் உண்டான கைமீரா.

இனி அதன் அமைப்பு. தண்டின் நுனியில் உள்ள ஆக்குத்திசு, அதாவது செல்கள் பிரிந்து புதிய உறுப்புகளை உருவாக்கும் திசு, மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியடுக்கு புறத்தோலைத் தருகிறது. இரண்டாம் அடுக்கு, புறத்தோலுக்கு அடியில் உள்ள இலைத்திசுவைத் தருவதோடு மகரந்தத்தையும் சூலையும் உருவாக்குகிறது. மூன்றாம் அடுக்கிலிருந்து உட்திசுவும் நரம்புகளும் வருகின்றன. இலையின் விளிம்பில் மூன்றாம் அடுக்கின் பங்கு இல்லாமல் இரண்டாம் அடுக்கே நிறைந்திருக்கும். ஆகவே இரண்டாம் அடுக்கு வெளுத்து மூன்றாம் அடுக்கு பச்சையாக இருந்தால் வெள்ளை விளிம்பும் பச்சை நடுவும் கிடைக்கும். தலைகீழாக இருந்தால் பச்சை விளிம்பும் வெளிறிய நடுவும் கிடைக்கும். பாதி வெள்ளை இலையின் கக்கத்தில் வந்த உங்கள் கிளை முதல் வகை. நீங்கள் குறிப்பிட்ட மெல்லிய வெளிர்பச்சைப் பட்டையில், ஓர் அடுக்கு வெள்ளையாகவும் மற்றது பச்சையாகவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வெள்ளை விளிம்புள்ள ஜெரேனியத்தை வைத்து இந்த அடுக்குக் கணக்கை எர்வின் பௌர் 1909இல் விளக்கினார்.

வெளியடுக்கு மட்டும் மாறினால் பொதுவாக நமக்கு ஒன்றும் தெரியாது. புறத்தோல் செல்களில் இலைத்துளைகளின் காப்புச் செல்களைத் தவிர மற்றவற்றில் பச்சையம் மிகக் குறைவு.

இலைநரம்பு (பெங்களூரு):

நான் தாவர மூலக்கூறு உயிரியல் துறையில் பணிபுரிகிறேன். நாற்றங்கால் ஐயாவின் விளக்கத்தோடு ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன்: மாறியது எந்த மரபணு? மொட்டைமாடி நண்பரின் இரண்டாவது கேள்விக்கான விடை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சடுதி மாற்றம் என்பது அரிய நிகழ்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு தலைமுறைக்கு, டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறும் வீதம் நூறு கோடி எழுத்துகளுக்கு ஏறத்தாழ 7 என்று அளந்திருக்கிறார்கள். தக்காளியின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 90 கோடி எழுத்துகள். ஒவ்வொரு செல்லிலும் அதற்கு இரண்டு படிகள், அதாவது இரண்டு நகல்கள் உண்டு. அதே வீதம் தக்காளிக்கும் பொருந்துவதாகக் கொண்டால், நாம் முளைக்க வைக்கும் ஒவ்வொரு விதையும் பெற்றோரிடம் இல்லாத பத்துப் பன்னிரண்டு புதிய மாற்றங்களோடுதான் முளைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மரபணு இல்லாத இடங்களில் விழுகின்றன. மரபணுவில் விழுந்தாலும் ஒரு படிதான் பழுதாகும். மற்றப் படி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே உட்கருவில் இருக்கும் பச்சையம் சார்ந்த மரபணு ஒன்று வளரும் செடியின் ஒரு செல்லில் புதிதாகப் பழுதானால், நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தச் செல்லின் வழியில் விதை வந்து, அந்த விதையில் முளைத்த செடி தன்மகரந்தச் சேர்க்கையில் மீண்டும் விதை கொடுத்தால்தான், நான்கில் ஒரு பங்கு நாற்று வெளுத்து வெளிப்படும்.

அப்படியானால் ஒரே செடியில், ஒரே பக்கத்தில், கண்முன்னே வெள்ளை எப்படி வந்தது? இரண்டு வழிகள்தாம் இயல்பானவை. ஒன்று, செடி விதையிலேயே ஒரு படி பழுதாகப் பிறந்து, வளரும்போது ஒரு செல்லில் நல்ல படியையும் இழந்திருக்கலாம். மற்றொன்று, மாற்றம் உட்கருவில் நிகழாமல், செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்துக்கே (சுருக்கமாகக் கணிகம்) உரிய சிறு மரபுத்தொகுதியில் நிகழ்ந்திருக்கலாம். தக்காளியின் பசுங்கணிகத்தில் ஏறத்தாழ 1,55,000 எழுத்துகள் கொண்ட தனி வளைய டிஎன்ஏ உண்டு. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான பல புரதங்களின் குறிப்பு அதில் இருக்கிறது.

எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஒரு செல்லில் பல கணிகங்கள் இருக்கும். ஒரே ஒரு கணிகம் பழுதானால் செல் வெளுக்காது. செல் பிரியும்போதெல்லாம் நல்லதும் பழுதானதும் இரண்டு மகள்செல்களுக்கும் கணக்கில்லாமல் பங்கு போகின்றன. பல தலைமுறைச் செல்களுக்குப் பிறகு, தற்செயலாக ஒரு செல்லுக்குப் பழுதானவை மட்டுமே வந்து சேரும். அதிலிருந்து வரும் திசு முழுவதும் வெள்ளை. ஆகவே வெண்மை முழங்கால் உயரத்தில் தெரிந்தாலும், மாற்றம் அந்த உயரத்தில் நிகழ்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. விதைக்குள் கருவாக இருந்தபோதோ, தாய்ச்செடியின் சூலிலோ அது தொடங்கியிருக்கலாம். இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வெளுத்திருப்பதற்கு இதுவே எளிய விளக்கம். இரண்டு அடுக்குகளில் தனித்தனியாக ஒரே விபத்து நேர்ந்தது என்று சொல்வது கடினம்.

பனிநாடு (டொராண்டோ):

இந்த விவாதத்தைப் படித்ததும் ஒரு குழப்பம் ஏற்பட்டது. இங்கே விதைப் பட்டியல்களில் இலை பலநிறமான தக்காளி வகைகள் விற்கப்படுகின்றன. 'வேரிகேட்டட்' என்ற பெயரிலேயே ஒன்றும், 'ஸ்பிளாஷ் ஆஃப் கிரீம்' என்ற பெயரில் மற்றொன்றும் உண்டு. முதல் வகையை நான் கோடைதோறும் வளர்க்கிறேன். அதன் இலையில் பாதிக்குப் பாதி என்ற எல்லைக்கோடு இல்லை. எல்லா இலைகளிலும், எல்லாப் பக்கங்களிலும் வெள்ளைத் தெறிப்புகள் இருக்கின்றன. விதை எடுத்து விதைத்தால் அத்தனை நாற்றும் அப்படியே வருகிறது. ஜூன் மாதக் குளிரில் வெண்மை தூக்கலாகவும், ஆகஸ்டு வெப்பத்தில் மங்கலாகவும் தெரிகிறது. மரபு மாறிய செல்களில் மட்டுமே வெண்மை வரும் என்றால், இது எல்லாப் பக்கங்களிலும், விதையிலும் எப்படி வருகிறது?

இலைநரம்பு:

அது வேறு வகை, பனிநாடு நண்பரே. உங்கள் செடியில் எல்லாச் செல்களும் ஒரே மரபு கொண்டவை. பச்சைச் செல்லுக்கும் வெள்ளைச் செல்லுக்கும் மரபில் வேறுபாடு இல்லை. ஒரே குறைபாட்டை ஒரு செல் சமாளித்துவிட்டது, இன்னொன்று சமாளிக்கவில்லை. அதனால்தான் தெறிப்பு எங்கும் பரவியிருக்கிறது. அதனால்தான் விதையிலும் மாறாமல் வருகிறது.

இப்படிப்பட்ட ஒன்றின் உள்வேலை நன்றாகத் தெரிந்திருப்பது, 'கோஸ்ட்' என்ற மரபு மாறிய தக்காளி. கலிபோர்னியாவின் டேவிஸில் தக்காளி மரபியலுக்கு வாழ்நாளைக் கொடுத்த சார்லஸ் ரிக்கும் அவருடைய உடன்பணியாளர்களும் 1959இல் அதைப் பற்றி எழுதினார்கள். கணிகத்தில் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள் உருவாகும் வரிசையில் பைட்டோயீன் என்ற நிறமற்ற பொருள் அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும். அதைச் செய்யும் நொதி தன் வேலையின்போது எலக்ட்ரான்களைப் பிளாஸ்டோகுயினோன் என்ற எலக்ட்ரான் கடத்தியிடம் கொடுக்கிறது. பிளாஸ்டோகுயினோன் அவற்றை இறக்கிவைக்க உதவும் ஆக்சிடேஸ் நொதி ஒன்று உண்டு. கோஸ்ட் செடியில் பழுதானது அந்த ஆக்சிடேஸின் மரபணுதான் என்பது 2000ஆம் ஆண்டில் தெரிந்தது. ஆக்சிடேஸ் இல்லாவிட்டால் பைட்டோயீன் தேங்கிவிடுகிறது. கரோட்டினாய்டு போதாமல் போகிறது. கரோட்டினாய்டின் காவல் இல்லாத பச்சையத்தை வெயில் அழித்துவிடுகிறது. இளம் கணிகம் மிதமான வெளிச்சத்தில் ஒருமுறை நன்றாக உருவாகிவிட்டால் அந்தச் செல் பச்சையாக நிலைக்கிறது. கடும் வெளிச்சத்தில் உருவானால் வெளுத்துவிடுகிறது. ஆகவே கோஸ்ட் செடியை நிழலில் வளர்த்தால் பச்சை மிகும். வெயிலில் வளர்த்தால் வெள்ளை மிகும்.

பழத்தையும் கவனியுங்கள். தக்காளியைச் சிவக்க வைக்கும் லைகோபீனும் ஒரு கரோட்டினாய்டே என்பதால் கோஸ்ட் செடியின் பழம் சிவக்காமல் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் நின்றுவிடும். உங்கள் வகையின் பழம் என்ன நிறம்?

பனிநாடு:

நல்ல சிவப்பு. அப்படியென்றால் கோஸ்ட் இல்லை என்று புரிகிறது.

இலைநரம்பு:

ஆம், அந்த மரபணு இல்லை. உட்கரு மரபணுதானா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பச்சை இலைத் தக்காளி ஒன்றின் பூவில், மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே அதை நீக்கிவிட்டு, உங்கள் செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். ஒடுங்கு மரபணுவாக, அதாவது இரண்டு படிகளும் பழுதானால்தான் விளைவைக் காட்டுவதாக இருந்தால், முதல் தலைமுறை முழுவதும் பச்சையாக வரும். அதன் விதையை விதைத்தால் நான்கில் ஒரு பங்கு தெறிப்போடு வரும்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. தாவும் மரபணு ஒன்று பச்சையத்துக்குத் தேவையான மரபணுவுக்குள் போய் அமர்ந்தால் இலை வெளுக்கும். வளர்ச்சியின் நடுவில் அது வெளியேறிவிட்டால் வெளிறிய இலையில் பச்சைத் திட்டு தோன்றும். தக்காளியில் டிசிஎல் என்ற மரபணுவில் இதைக் கண்டு 1996இல் வெளியிட்டார்கள். மக்காச்சோளத்தில் இந்தத் தாவலைக் கண்டறிந்ததற்காகத்தான் பார்பரா மெக்ளின்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

செம்மண்:

படித்தவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கண்ணால் பார்த்து முடிவு செய்வதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. வைரஸ் இல்லை என்பதற்குச் செடியையே வைத்துச் செய்யக்கூடிய சோதனை ஏதாவது இருக்கிறதா? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் அல்லவா?

நாற்றங்கால்:

நல்ல கேள்வி, ஐயா. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பதும் உண்மையே. சோதனை இருக்கிறது, பழையது, செலவில்லாதது. வெள்ளைக் கிளையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்த வேறொரு பச்சைத் தக்காளியின் மீது ஒட்டுக்கட்டுங்கள். வைரஸாக இருந்தால் அது ஒட்டின் வழியே இறங்கி, கீழே உள்ள பச்சைச் செடியில் புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில் அறிகுறியைக் காட்டும். மரபு மாற்றமாக இருந்தால் ஒட்டிய துண்டு வெள்ளையாகவே இருக்கும். கீழே துளிர்ப்பது பச்சையாகவே இருக்கும்.

அதுவரை ஐயா சொன்ன கட்டுப்பாட்டை அப்படியே கடைப்பிடியுங்கள். அந்தச் செடியைக் கடைசியாகத் தொடுங்கள். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கை கழுவாமல் எந்தத் தக்காளியையும் தொடக் கூடாது, ஏனென்றால் புகையிலைத் தேமல் வைரஸ் பதப்படுத்திய புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும்.

செம்மண்:

ஒட்டுச் சோதனை சரி. அதை ஏற்கிறேன். முடிவு தெரியும் வரை செடியைத் தள்ளி வையுங்கள், தம்பி.

மல்லிகைப்பந்தல் (யாழ்ப்பாணம்):

சிறிய ஐயம் ஒன்று. இப்படி மரபு மாறிய செடியின் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

இலைநரம்பு:

தாராளமாகக் கொடுக்கலாம், அக்கா. பச்சையம் இல்லாமை நஞ்சு ஆகாது. தக்காளியின் இலையையும் தண்டையும் உண்பதில்லை என்ற வழக்கம் எல்லாத் தக்காளிக்கும் பொதுவானது. உண்மையில் நாம் அன்றாடம் உண்ணும் தக்காளிகளில் சடுதி மாற்றம் இல்லாதது எது என்று தேடுவதுதான் கடினம். குட்டையாக வளர்ந்து ஒரே நேரத்தில் காய்க்கும் தக்காளிகள் அனைத்துக்கும் மூலமான மாற்றம் 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தானாகத் தோன்றியது. உருளைக்கிழங்கு இலை போன்ற இலை, சிவக்காத மஞ்சள் பழம், நிறமற்ற தோலால் இளஞ்சிவப்பாகத் தெரியும் பழம் ஆகிய எல்லாமே ஒவ்வொரு மரபணு பழுதானதன் விளைவுகள். இந்த விவாதத்தின் தொடக்கத்தில் குறிப்பிடப்பட்ட பிகேஎம் 1 வகையே, அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையில் செயற்கையாக மாற்றத்தைத் தூண்டிப் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டதுதான். கோ 3 என்ற மருதம் வகையும் கோ 1 வகையில் அவ்வாறே பெறப்பட்டது.

கொய்யாக்கிளை:

அப்படியானால் பிகேஎம் 1 வகையே நிலையற்றது, அதனால்தான் இந்த வெண்மை வந்தது என்று சொல்லலாமா?

இலைநரம்பு:

சொல்ல முடியாது. தூண்டப்பட்ட மாற்றம் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் மற்ற எந்த மரபணுவையும் போலவே தலைமுறைகளுக்குக் கடந்து செல்லும். புதிய மாற்றங்களை அது உற்பத்தி செய்வதில்லை. இந்த வெண்மை எந்த வகையிலும் வரக்கூடியது.

மொட்டைமாடி:

சில வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஒட்டுக்கட்டிய செடியில் கீழே துளிர்த்தவை அனைத்தும் பச்சையாகவே இருக்கின்றன; இலையில் தேமலோ சுருட்டலோ இல்லை. ஒட்டிய துண்டு வெள்ளையாகவே உயிரோடு இருக்கிறது. தாய்ச்செடியில் முழு வெள்ளையாக வந்த பக்கக்கிளை பங்குனி வெயிலில் ஓரம் கருகிவிட்டது. வெள்ளை விளிம்புக் கிளை நன்றாக வளர்ந்து பூத்திருக்கிறது.

வரியோடிய காய் பழுத்துவிட்டது. காயாக இருந்தபோது வெள்ளையாகத் தெரிந்த வரி பழுத்தபோது சிவந்துவிட்டது. சற்று வெளிறிய சிவப்பு என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. அந்தப் பழத்தின் விதையை எடுத்து வைக்கலாமா?

இலைநரம்பு:

மிகப் பயனுள்ள தகவல். வரி சிவந்ததால் கரோட்டினாய்டு உருவாகும் வரிசை பழுதாகவில்லை என்று தெரிகிறது. லைகோபீனை உருவாக்கும் நொதிகளின் குறிப்பு உட்கருவில் இருக்கிறது. கணிகத்தின் சொந்த டிஎன்ஏ பழுதானாலும் அந்த நொதிகள் வெளியிலிருந்து வந்து சேர்ந்துவிடும். கணிக மாற்றம் என்ற ஊகத்துக்கு இது இசைவாக இருக்கிறது. ஆனால் இது மட்டுமே சான்றாகிவிடாது. உறுதி செய்ய விதையைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டி நம் வீட்டு வாசலில் பூக்கும் அந்திமந்தாரை. கார்ல் காரன்ஸ் 1909இல், இலை பலநிறமான அந்திமந்தாரையில், எந்தக் கிளையின் பூவுக்கு எந்தக் கிளையின் மகரந்தத்தைத் தூவினாலும் நாற்றின் நிறம் சூல் இருந்த கிளையைப் பொறுத்தே அமைவதைக் கண்டார். பச்சைக் கிளையின் பூ பச்சை நாற்றையே தந்தது. வெள்ளைக் கிளையின் பூ வெள்ளை நாற்றையே தந்தது. கலப்புக் கிளையின் பூ மூன்று வகையையும் தந்தது. மகரந்தம் கணிகத்தைக் கொண்டு வராததே காரணம். தக்காளியிலும் கணிகம் தாய்வழியில்தான் செல்கிறது.

ஆகவே மொட்டைமாடி நண்பருக்கு வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த அழகான வெள்ளை விளிம்புக் கிளையில் இரண்டாம் அடுக்கு வெள்ளை. சூல் அந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது. அதன் விதைகள் முளைத்தால் எல்லா நாற்றும் முழு வெள்ளையாக வந்து, விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் மடிந்துவிடும். வெள்ளை விளிம்புத் தக்காளியை விதையால் நிலைநிறுத்த வழியே இல்லை. பட்டியலில் விற்கும் வகைகள் வெள்ளை விளிம்பாக இல்லாமல் தெறிப்பாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மொட்டைமாடி:

அப்படியென்றால் இந்தச் செடியோடு இது முடிந்துவிடுமா?

நாற்றங்கால்:

முடிய வேண்டியதில்லை. தக்காளி இயல்பில் பல்லாண்டுச் செடி; நாம்தான் பருவம் முடிந்ததும் பிடுங்கிவிடுகிறோம். அதன் தண்டு எளிதில் வேர்விடும். வெள்ளை விளிம்புக் கிளையில் பூக்காத நுனி ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கிவிட்டு, ஈரமான தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த குவளையில் நட்டு நிழலில் வையுங்கள். இரண்டொரு வாரத்தில் வேர்விட்டுவிடும். வெட்டும்போது முழு வெள்ளைக் கிளையை எடுக்காதீர்கள். உணவு தயாரிக்க முடியாத அந்தக் கிளை தாயோடு ஒட்டியிருக்கும் வரைதான் பிழைக்கும். பாதிக்குப் பாதி இலைகள் உள்ள கிளையையும் தவிருங்கள். அது நிலையில்லாதது, சில கணுக்களில் முழுப் பச்சையாகவோ முழு வெள்ளையாகவோ மாறிவிடும். விளிம்பு வெண்மை இலைக்கு இலை மாறாமல், தண்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரே சீராக இருக்கும் கிளையே வேண்டும். அதில் ஓர் அடுக்கு முழுவதும் வெள்ளையாகவும் மற்றது முழுவதும் பச்சையாகவும் நிலைபெற்றுவிட்டது.

அதன் பிறகும் அவ்வப்போது முழுப் பச்சைக் கிளை ஒன்று வெடிக்கும். அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து செடியை அமுக்கிவிடும் என்பதால் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். உரத்தில் தழைச்சத்தைக் குறையுங்கள். உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

செம்மண்:

விளைச்சல் என்று பார்த்தால் இது தேறாது. இலையில் பாதி வேலை செய்யாத செடி பாதி காய்தான் காய்க்கும். அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேறு செடி வையுங்கள். இன்னொன்று: யாராவது "அரிய வகை விதை" என்று இதை விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்குபவருக்குப் பச்சைச் செடி வரும், அல்லது வெள்ளை நாற்று வந்து சாகும். நமக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

பனிநாடு:

ஐயா சொல்வது முற்றிலும் சரி. இணையத்தில் இப்படி விற்கப்பட்ட விதையை வாங்கி, சாதாரணப் பச்சைத் தக்காளியை வளர்த்தவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மொட்டைமாடி:

அனைவருக்கும் நன்றி. வெள்ளை விளிம்புக் கிளையில் நுனிகளை வெட்டி நட்டுவிட்டேன். விதைச் சோதனையையும் செய்து பார்க்கவே விரும்புகிறேன். எந்தப் பழத்திலிருந்து எடுக்க வேண்டும்?

இலைநரம்பு:

பழத்தின் மேல்வரியை நம்ப வேண்டாம். வரி தெரிவது பழச்சுவரில். விதை வருவது உள்ளே உள்ள சூல்திசுவில். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொத்து எந்தக் கிளையில் இருக்கிறது என்பதையே கணக்கில் கொள்ளுங்கள். முழுப் பச்சைக் கிளை, பாதிக்குப் பாதிக் கிளை, வெள்ளை விளிம்புக் கிளை ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு கொத்துக்கு வெவ்வேறு நிற நூல் கட்டிவிடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது என்றாலும், பூக்கும் முன் கொத்தை மெல்லிய வலைத்துணியால் மூடிவிட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது. மூன்றின் விதையையும் தனித்தனித் தட்டுகளில் விதையுங்கள்.

பச்சைக் கிளையின் விதையில் எல்லாம் பச்சையாகவும், விளிம்புக் கிளையின் விதையில் எல்லாம் வெள்ளையாகவும் வந்தால் கணிகமே மாறியிருக்கிறது. பச்சைக் கிளையின் விதையிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளுத்தால், செடி பிறக்கும்போதே உட்கருவில் ஒரு படி பழுதாக இருந்திருக்கிறது என்று பொருள். அப்போது என் ஊகத்தைக் கைவிட வேண்டியதுதான். வெள்ளை நாற்றுகள் வித்திலை விரித்துச் சில நாட்களிலேயே சாய்ந்துவிடும் என்பதால், முளைத்த அந்த வாரத்திலேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி:

அப்படியே செய்கிறேன். மூன்று தட்டுகளின் எண்ணிக்கையையும் இங்கேயே பதிவிடுகிறேன்.